இழைமணி நோயும் வன்கூடும்

கலத்திற்குச் சக்தி வழங்கும் இழைமணியும் நோயுறலாம் என்பதை 1962 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ரொல்ப் லுப்ட் எடுத்துக்காட்டினார். இழைமணிக்குரிய டீ.என்.ஏ.யில் தோன்றித் தாய்வழி வரும் விகாரங்கள் நோய் விளைவிப்பது 1988 இல் நிறுவப்பட்டது. எனினும் இவை பெரும்பாலும் தசை, மூளை நோய்களாகவே கருதப்பட்டன. நோயாளரிடம் காணப்பட்ட குறுகிய உயரமும், சிலரின் வளைந்த முள்ளந்தண்டும் துணைக்குறிகளாகவே கொள்ளப்பட்டன.

2004 இல், லுப்ட் பணியாற்றிய அதே கரோலின்ஸ்கா நிறுவகத்தின் ஆய்வாளர், இழைமணி டீ.என்.ஏ.யைப் பிரதிசெய்யும் நொதியத்தின் பிழைதிருத்தும் ஆற்றலைச் சுண்டெலிகளில் நீக்கினர். அவை இளமையிலேயே கூனி, என்பு நலிந்து, மூப்புற்று மடிந்தன. என்பும் சக்தியால் வாழும் இழையமே என்பது அங்கு புலனாயிற்று. சான்று கண்முன் இருந்தால் மட்டும் போதாது. அதனை வினவுவோரும் வேண்டும்.