360 பாகைப் பின்னூட்டம்

மேலாளரை மேலதிகாரி, சகாக்கள், கீழே பணிபுரிவோர் எனப் பல தரப்பினரும் மதிப்பிட, அதை அவரது தன்மதிப்பீட்டோடு ஒப்பிட்டுத் திறன் வளர்க்கும் முறை.

இதற்கு நேர்மாறாக, மலேசியாவின் ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் காலனிக் காலத்தில் துரை (தோட்ட மேலாளர்), கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்) என்று மதிப்பீடு மேலிருந்தே இறங்கியது. துரையைப் பற்றிக் கொழுந்து பறிப்பவரிடம் யார் கேட்டார்கள்?

இந்தியாவில் இம்முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டி. வி. ராவ். துணிச்சலான உதாரணம், தமிழரான சிவ் நாடார் நிறுவிய எச்சிஎல். 2005இல் அதன் மென்பொருள் நிறுவனத் தலைமைக்கு வந்த வினீத் நாயர், தமக்குக் கிடைத்த மதிப்பெண்களை ஊழியர் அனைவரும் பார்க்க நிறுவனத்தின் உள்வலைத்தளத்தில் போட்டார். மேலாளர்கள் பலரும் பின்தொடர்ந்தனர்.

பலன்? 2005இல் ஸ்மிதர், லண்டன், ரைலி 24 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்தபோது தெரிந்த முன்னேற்றம் சிறிதே. மாறவேண்டிய தேவையை உணர்ந்து, இலக்கு வைத்துச் செயல்பட்டவர்களிடமே அது கூடுதலாக வாய்ப்பதாக அவர்கள் கருதினர்.