இரண்டு ஆண்டுக் கோடு: கால் நாடி பைபாஸும் 'ஆபத்து மிகுந்த நோயாளர்' என்ற வகையும்

கால் நாடி அடைப்புக்கான பைபாஸ் சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர், 2005இல் 'லான்செட்' இதழில் அன்ட்ரூ பிராட்பரி குழுவினர் கீறிய ஒரு கோட்டுக்கு இப்பால் நின்றே பழையதைப் பார்க்கிறார்கள். 'பசில்' எனப்படும் அந்த எழுமாற்றுப் பரிசோதனையில் பிரித்தானியாவின் 27 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 452 நோயாளர் இருந்தனர். காலை இழக்கும் நிலையில் வந்த அவர்களில் ஒரு பகுதியினருக்கு முதலில் பைபாஸ், மற்றையோருக்கு முதலில் நாடியை உள்ளிருந்து விரிக்கும் பலூன். இரண்டு ஆண்டுகள் வரை பெரிய வேறுபாடு தெரியவில்லை. பிறகு தராசு பைபாஸ் பக்கம் சாய்ந்தது. 2010இல் வெளிவந்த இறுதிக் கணக்கின்படி, இரண்டு ஆண்டைத் தாண்டியவர்களுள் முதலில் பைபாஸ் பெற்றோர் சராசரியாக 7.3 மாதம் கூடுதலாக வாழ்ந்தனர். நோயாளி இரண்டு ஆண்டுக்கு மேல் இருப்பார் என்றால் கத்தி, இல்லையென்றால் பலூன் என்ற விதி இப்படித்தான் உருவாயிற்று.

இந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை. எண்களைக் குறை சொல்லவில்லை. அவற்றிலிருந்து எடுத்த விதியையே மறுக்கிறேன். இரண்டு ஆண்டு என்ற எல்லை, முடிவுகள் கைக்கு வந்தபின் செய்த பகுப்பாய்வில் தெரிந்தது. யார் அந்த எல்லையைத் தாண்டினார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியும். கட்டிலருகே நிற்கும் வைத்தியருக்கு அது வெறும் ஊகம். பிராட்பரி குழுவினர் இதை உணர்ந்தே ஆயுளைக் கணிக்க ஒரு மாதிரியையும் பின்னர் அமைத்தனர். ஆனால், பிந்திய வாழ்வை வைத்துப் பிரித்த கூட்டத்தில் கண்டதை முந்திய கணிப்புக்கு மாற்றும்போது, கேட்ட கேள்வியே மாறிவிடுகிறது.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அப்பரிசோதனையில் செய்யப்பட்ட பைபாஸ்களில் ஏறத்தாழக் கால்வாசிக்குச் செயற்கைக் குழாயே பயன்பட்டது. அவை மோசமாகவே போயின. ஒட்டுவதற்குத் தம் உடலில் நல்ல நாளம் இல்லாதவருக்கும் பலூனே முதலில் என்று பிராட்பரி குழுவினரே எழுதினார்கள். அதை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது. என் குறை வரிசையைப் பற்றியது. காலம் முதல் கேள்வியாகவும் நாளம் இரண்டாம் கேள்வியாகவும் வைக்கப்பட்டன. ஊர் ஊராகப் பயணம் செய்தது முதல் கேள்வி மட்டுமே.

தொடக்கத்தில் அந்த வரிசை எப்படி இருந்தது? 1948 ஜூன் 3ஆம் திகதி பாரிஸில் ஜோன் குன்லின் செய்த சத்திரசிகிச்சையில் சற்றுத் தங்கிப் பார்க்கலாம். நோயாளிக்கு 54 வயது, கால்விரல் அழுகிக்கொண்டிருந்தது. குன்லினின் ஆசான் ரெனே லெரிஷ் ஏற்கெனவே பரிவு நரம்பை அறுத்து, அடைபட்ட தொடை நாடியின் ஒரு துண்டையும் வெட்டி எடுத்திருந்தார். அடைபட்ட துண்டு போனால் அதன் நரம்புகள் அடங்கி, பக்கக் கிளைகள் விரியும் என்பது லெரிஷின் கொள்கை. இந்த நோயாளியிடம் அது பலிக்கவில்லை. வெட்டிய இடத்தில் தழும்பு இறுகியிருந்ததால் நாடியின் நுனியோடு நாளத்தின் நுனியைப் பொருத்த வழியிருக்கவில்லை. குன்லின் தழும்பை விட்டு விலகினார். மேலே நல்ல நாடியின் பக்கவாட்டில் ஒரு கீறல், கீழே இன்னொரு கீறல். தொடையின் உட்புறத்து சஃபீனஸ் நாளத்தை எடுத்து, உள்ளிருக்கும் வால்வுகள் குருதியைத் தடுக்காதபடி தலைகீழாகத் திருப்பி, அதன் இரு வாய்களையும் அந்தக் கீறல்களில் தைத்தார். நாடியைத் துண்டிக்காததால் அதன் பக்கக் கிளைகள் பிழைத்தன. இன்றுவரை உலகெங்கும் தைக்கப்படுவது இந்தத் தையலே.

முதல் அறிக்கை எதுவென்பதில் நூல்கள் பிரிகின்றன. குன்லின் தனியே எழுதிய கட்டுரை 1949க்குரியது. லெரிஷோடு சேர்ந்து பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அளித்த குறிப்பு 1948க்குரியது. 15 முதல் 47 சென்டிமீட்டர் வரையான நாள ஒட்டுகளை அதன் தலைப்பே சொல்கிறது. அதைக் கொண்டு பார்த்தால், அவ்வாண்டு முடிவதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கால்களில் அவர் தைத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது வேறு: பைபாஸின் முதல் நோயாளியே ஏனைய வழிகள் எல்லாம் தோற்றுப்போனவர். அதாவது, ஆபத்து மிகுந்தவர்களுக்கு இது பிற்காலத்தில் நீட்டிக்கப்பட்டது என்ற பாடநூல் வரிசை தலைகீழானது. (கொழும்பில் பைபாஸ் என்றால் இதயம்தான். ஆனால் இதய சத்திரசிகிச்சையாளர் ஃபவலோரோ அதே நாளத்தை இதயத்துக்குக் கொண்டுபோனது 1967இல், கால்தான் மூத்தது.)

1962, 1963ஆம் ஆண்டுகளில் 'ஆபத்து' வேறு பொருள் கொண்டது. வயிற்றைத் திறந்தால் தாங்கமாட்டார் என்பவருக்கு, சத்திரசிகிச்சையாளர் வெட்டோ ஒரு தொடை நாடியிலிருந்து மறு தொடைக்குத் தோலடியில் குழாய் கொண்டுபோனார். பிளெய்ஸ்டலும் ஹோலும் சான் பிரான்சிஸ்கோவிலும், லோவ் கேப் டவுனிலும் அக்குள் நாடியிலிருந்து விலாவோரமாகத் தொடைக்கு இறக்கினார்கள். 1964இல் கதிரியக்க வைத்தியர் டொட்டர், காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்ணின் நாடியைக் குழாய் நுழைத்து விரித்தார். 2005இல் 'ஆபத்து' என்பது எஞ்சிய ஆயுளாயிற்று.

கொழும்புக்கு இந்த ஆயுள் கணக்கு எவ்வளவு பொருந்தும்? வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை வரை இடையில் நிற்காமல் நடக்க முடியாதவரும், கொட்டாஞ்சேனையில் ஆறாத விரற்புண்ணைச் 'சீனி வருத்தம்' என்று கட்டிக்கொண்டு திரிபவரும், கடைசியில் வந்து சேருவது பெரும்பாலும் தேசிய வைத்தியசாலைக்குத்தான். அயல் மாவட்டமான கம்பஹாவில் 40 முதல் 74 வயதினரிடையே நடந்த ஆய்வில் 3.6 விழுக்காட்டினருக்குக் கால் நாடி நோய் இருந்தது. பசில் நோயாளரில் நீரிழிவுக்காரர் 42 விழுக்காடு மட்டுமே; கொழும்பில் வந்து சேருவோரிடம் அது கூடுதலாக இருக்கும் என்றே எண்ணுகிறேன். நீரிழிவு முழங்காலுக்குக் கீழான சிறு நாடிகளை நாடிப் போகும். அங்கே செயற்கைக் குழாய் நெடுநாள் ஓடாது, நாளமே கதி.

இங்கே என் சான்று மெலிவானது. ஆயினும் அழுத்தியே சொல்கிறேன். இலங்கையில் இரத்தக்குழாய்த் தையல் வேரூன்றியதில் இரு வழிகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஒன்று, பேராசிரியர் ஷெரிப்தீன் 1985இல் செய்த நாட்டின் முதல் சிறுநீரக மாற்று. மற்றது போர்க்காயம்: இராணுவ வைத்தியசாலையொன்றிலிருந்து வந்த ஒரு தொடரில் மட்டும் முழங்காற்பின் நாடிக் காயங்கள் 44. போர்க்காயக்காரரின் கால் இளங்கால், நாளமும் புதிது. அந்தக் காயங்களில் பழகிய சத்திரசிகிச்சையாளரின் கை பின்னர் சந்தித்த முதியவரிடமோ இதய பைபாஸுக்கென்று நாளம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கலாம். இதயம் பழுதானவருக்கு ஆயுளும் குறைவு, நாளமும் குறைவு. அப்படியானால் 'ஆயுள் குறைந்தவரிடம் பைபாஸ் பயன் தராது' என்று பசில் கண்டதில் ஒரு பங்கு நாளமின்மையின் விளைவாக இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துக்காட்ட அப்பரிசோதனையின் அளவு போதாது.

2022இல் வந்த 'பெஸ்ட்-சிஎல்ஐ' என்ற பரிசோதனை 1830 பேரை நாளத்தை வைத்தே இரண்டாகப் பிரித்தது. நல்ல சஃபீனஸ் நாளம் உள்ள 1434 பேரில், காலுக்குப் பெருங்கேடோ மரணமோ நேர்ந்தது பைபாஸில் 42.6 விழுக்காடு, குழாய்வழிச் சிகிச்சையில் 57.4. அந்த நாளம் இல்லாதவரிடம் 42.8, 47.7, அந்த வித்தியாசத்தில் உறுதியில்லை. என் வாதத்துக்கு இது துணை. ஆனால் அடுத்த ஆண்டே பிராட்பரி குழுவினரின் 'பசில்-2' எதிர்த்திசையில் வந்தது. முழங்காலுக்குக் கீழ் நோயுள்ள 345 பேரில், பெருந்துண்டிப்போ மரணமோ நேர்ந்தது நாள பைபாஸில் 63 விழுக்காடு, குழாய்வழியில் 53. வேறுபாட்டின் பெரும்பகுதி மரணங்களில் இருந்ததே தவிரக் கால் இழப்பில் இல்லை. கொழும்பு நோயாளரிடம் நான் எதிர்பார்க்கும் அதே முழங்காலுக்குக் கீழான நோய் என்பதால், இதை ஒதுக்கிவிட எனக்கு வழியில்லை. இரண்டு பரிசோதனைகளும் ஒரே வகை நோயாளரைத்தான் எடுத்தனவா என்பதே இன்னும் தீராத வழக்கு. கொழும்பின் பதிவேடுகளில் வயது, சீனி, சிறுநீரகம் ஆகியவற்றோடு, சஃபீனஸ் நாளம் இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர், முன்பு இதயத்துக்கு எடுத்தார்களா என்பதும் ஒழுங்காக ஏறினால், இந்த வழக்கில் நமது பக்கத்துச் சாட்சியையும் வைக்கலாம்.