கொங்கு நாட்டின் டீசல் பம்புப் பட்டறைகள்

டீசல் பம்புப் பட்டறை என்பது, டீசல் எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து உயர் அழுத்தத்தில் செலுத்தும் பம்பையும், அதைச் சிலிண்டருக்குள் தூவும் நாசில்களையும் மட்டும் பழுதுபார்க்கும் பணிமனை ஆகும். கோயம்புத்தூர், ஈரோடு, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களில் லாரித் தொழிலோடு சேர்ந்து இப்பட்டறைகளும் வளர்ந்தன. எஞ்சின் மெக்கானிக் வேறு, 'பம்பு மெக்கானிக்' வேறு என்ற பிரிவு இவ்வூர்களில் நெடுங்காலமாக உண்டு.

பின்னணி

ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில், அழுத்தப்பட்ட காற்றே எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியது. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர் தேவைப்பட்டதால் அந்த எஞ்சின் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பொருந்தியது; சாலை வண்டிக்குப் பொருந்தவில்லை. ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் சிறிய உயர் அழுத்தப் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் லாரி பரவலானது.

கொங்குப் பகுதியில் மோட்டார் போக்குவரத்து அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அக்காலப் பேருந்துகள் பெட்ரோலில் ஓடின. இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் பல வண்டிகள் கரி வாயுவுக்கு மாறின. டீசல் லாரி இங்கு பெருகியது விடுதலைக்குப் பிறகுதான். மூன்று தொழிற்சாலைகள் இதற்கு வழிசெய்தன. 1951-இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி பெங்களூரில் பாஷ் வகைப் பம்புகளையும் நாசில்களையும் இந்தியாவிலேயே செய்தது. 1954-இல் டாடா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் கூட்டு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. சென்னை எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. பெங்களூர் நிறுவனத்தின் சுருக்கப் பெயரான 'மைக்கோ' என்பது லாரிக்காரர்கள் பேச்சில் பம்புக்கே ஒரு பெயராகிவிட்டது. 2008-இல் அந்நிறுவனம் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் சொத்து அல்ல. ஓட்டுநராக இருந்து உரிமையாளரானவர்களும், நிலத்து வருமானத்தோடு கடனும் சேர்த்து வண்டி வாங்கியவர்களும் ஏராளம். வண்டி ஒரு வாரம் நின்றாலும் தவணை நிற்காது. பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவதா, சாலையோரத்திலேயே சரிசெய்வதா என்ற கேள்வி இவர்களுக்குப் பணக் கேள்வியாகவும் இருந்தது.

எரிபொருள் வரும் வழி

பழைய லாரியில் டீசல் இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. முதல் கட்டத்தில் டேங்கிலிருந்து ஃபீட் பம்பு டீசலை உறிஞ்சி, ஃபில்டர்கள் வழியாகப் பெரிய பம்புக்குத் தள்ளுகிறது. இங்கு அழுத்தம் மிகக் குறைவு. இரண்டாம் கட்டத்தில், வரிசையாக அமைந்த எலிமென்ட்டுகள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய டீசலை அளந்து அழுத்துகின்றன. நேரடியாகச் சிலிண்டருக்குள் தூவும் எஞ்சின்களில் நாசில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் திறக்கும். எலிமென்ட்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். இந்த நுண்மை காரணமாகவே அதைத் திறக்கும் வேலை தனிப் பட்டறைக்குப் போனது.

ஆனால் கோளாறு பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான் இருக்கும். இழுவை இல்லை, ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பம்பைக் குறைசொல்வது எளிது. விலையுயர்ந்த உறுப்பு அதுதான் என்பதால் சந்தேகமும் அதன் மீதே முதலில் விழும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதற்கு நேர்மாறாக, டேங்க் மூடியிலிருந்து தொடங்கினர்.

சாலையோரச் சோதனை

மூடியின் காற்றுத் துளை தூசியால் அடைபட்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஃபீட் பம்பால் உறிஞ்ச முடியாமல் போகும். வண்டி சில மைல் ஓடி நிற்கும். சற்று நேரம் கழித்து மறுபடி ஓடும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பதே இதற்கான சோதனை. செலவே இல்லாத இந்தச் சோதனையைத் தவறவிட்டு வீணாகப் பம்பைக் கழற்றிய கதைகள் இத்தொழிலில் குறைவல்ல.

அடுத்த சந்தேகம் 'ஏர் எடுப்பது'. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் சிறு விரிசல் இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தெரியாததால் கண் ஏமாறும். இரவு நின்ற வண்டியில் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிட, காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்தால் நுரையாக வரும். குமிழி நின்று டீசல் தெளிவாக வரும்வரை அடித்துத் திருகை இறுக்குவதே 'ஏர் எடுத்துவிடுதல்'. கிளீனராகச் சேரும் பையன் முதலில் கற்கும் வேலைகளுள் இதுவும் ஒன்று. அடித்துவிட்டும் மறுநாள் அதே தொல்லை என்றால் காற்று புகும் இடத்தைத் தேட வேண்டும். பல நேரங்களில் குற்றவாளி, பலமுறை இறுக்கிக் கெட்டியாகிப்போன செம்பு வாஷர்தான். புது வாஷர் கிடைக்காத இடத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து மென்மையாக்கிப் போடுவது வழக்கம்.

ஃபில்டர் அடைப்பு வெறும் ஓட்டத்தில் தெரியாது. எஞ்சின் சும்மா ஓடும்போது தேவைப்படும் டீசல் சொற்பம். சுமையோடு ஏறும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை போன்ற ஏற்றங்கள் இந்தக் குறையைத் தவறாமல் காட்டிக்கொடுத்தன. சமதளத்தில் நன்றாக ஓடிய வண்டி அங்கு பாதி வளைவில் திணறும்.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகே இரண்டாம் கட்டம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சினின் ஓசை மாறித் தடுமாறும். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தால், கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்பது தெரியும். மாறினால் பழுது நாசிலில்; மாறாவிட்டால் பம்பிலோ சிலிண்டரிலோ. ஆறு சிலிண்டர் எஞ்சினின் நோயை ஒரு ஸ்பேனரால் பிரித்தறியும் இந்த முறையைவிடச் சிக்கனமான சோதனை இத்தொழிலில் வேறில்லை.

பெஞ்சும் சீலும்

பட்டறைக்கு வரும் பம்பு, மின் மோட்டாரால் சுழலும் பெஞ்சில் ஏற்றப்படும். குறிப்பிட்ட எண்ணிக்கை அடிகளுக்கு ஒவ்வொரு எலிமென்ட்டும் தரும் எண்ணெய் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் இறங்கும். ஆறு குழாய்களிலும் மட்டம் ஒன்றாக வரும்வரை சரிசெய்வதே காலிபரேஷன். வேலை முடிந்ததும் அதிகபட்ச அளவுத் திருகுக்கு ஈயச் சீல் வைப்பார்கள். கூடுதல் இழுவைக்காகச் சீலை உடைத்து அளவை ஏற்றச் சொல்லும் உரிமையாளர்களும் இருந்தனர். காற்று போதாமல் கரும்புகை கக்கி, பிஸ்டன் சூடேறி, கடைசியில் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

பம்பின் பெரிய எதிரிகள் தண்ணீரும் மண்ணெண்ணெயும். மானிய விலை மண்ணெண்ணெய் டீசலைவிட மிக மலிவாக இருந்த காலத்தில் கலப்படம் நாடு முழுவதும் நடந்தது. எலிமென்ட்டுக்கு வழவழப்புத் தருவது அதன் வழியே ஓடும் டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்தத் தன்மை குறைவு. கலப்பட எரிபொருளில் ஓடிய எலிமென்ட்டில் கோடுகள் விழும். அதற்கு மாற்று, புது எலிமென்ட் மட்டுமே.

மாற்றம்

2010-இல் நாடு முழுவதும் வந்த பாரத் ஸ்டேஜ் 3, 2017-இல் வந்த பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையான பாரத் ஸ்டேஜ் 6 ஆகிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் பழைய பம்பைப் படிப்படியாக வெளியேற்றின. அதன் இடத்துக்கு வந்த காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். டீசலின் அளவைக் கணினி தீர்மானிக்கும். ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்தும் பழைய சோதனையை இங்கு செய்யவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஸ்கேனர் கருவி பிழை எண்ணைக் காட்டுகிறது. எனினும் 'ரெயில் அழுத்தம் குறைவு' என்று அது சொல்லும்போது, காரணம் பம்பா, அடைபட்ட ஃபில்டரா, காற்று புகும் குழாயா என்பதை ஆள்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொங்குப் பட்டறைகள் சில காமன் ரெயில் பெஞ்சுகளுக்கு மாறின. அந்த முதலீட்டைச் செய்ய முடியாதவை டிராக்டர்களையும் எஞ்சியிருக்கும் பழைய லாரிகளையும் நம்பி நடக்கின்றன.