கல்லாகிய நண்டு வளைகள்

ஸ்ரீராம்புரத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் சங்கோ சிப்பியோ அகப்படுவதில்லை. பெங்களூர் நிற்பது சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையின் மீது; லால்பாக் குன்றும் அவ்வினத்ததே. ஆனால், நம்மவருள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்தோரின் சொந்த மண் வேறு வகை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடியாக இருந்தது.

அந்நிலத்தை அளந்தாய்ந்த பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயரின் அறிக்கை 1862இல் வெளிவந்தது. பின்னர் ஸ்டொலிஸ்கா அங்குக் கிடைத்த சிப்பிகளையும் சங்குகளையும் விரிவாக வருணித்தார். எனினும், இறந்த பிராணியின் ஓட்டை அலை எங்கும் இழுத்துச் செல்லும். மண்ணில் குடைந்த வளையையோ எந்த அலையாலும் பெயர்த்துச் செல்ல இயலாது. அது இருக்குமிடமே பிராணி வாழ்ந்த இடம்.

இவ்வுண்மை எளிதில் விளங்கிவிடவில்லை. கிளைவிட்டுக் காணும் இத்தகைய சுவடுகளை ஐரோப்பிய அறிஞர் பலர் கடற்பாசி என்றே எண்ணித் தாவரப் பெயர் சூட்டினர். ஸ்வீடன் நாட்டு நாதோர்ஸ்ட், உயிருள்ள பிராணிகளை ஈரச் சேற்றில் ஊரவிட்டு, அத்தடங்களோடு ஒப்பிட்டு, 1881இல் அக்கருத்தை மறுத்தார். 1953இல் ஜெர்மானியரான சைலாக்கர், சுவடுகளைச் செயலால் வகுத்தார்: தங்கியது, ஊர்ந்தது, மேய்ந்தது, இரை தேடிக் குடைந்தது, குடியிருந்தது என்று.

அரியலூர்ப் படிவுகளில் தலசினாய்டிஸ் எனப்படும் கவர்விட்ட சுரங்கங்கள் உண்டு. இறால், நண்டு இனத்தவை குடைந்தவை அவை. ஓபியோமார்பா என்பது இன்னும் சுவையானது. தளர்ந்த மணல் சரியாதிருக்கப் பிராணி சேற்றுருண்டைகளை உருட்டிச் சுவரில் அப்பியிருக்கிறது. புறச்சுவரில் அவை குமிழ்குமிழாகத் தெரிகின்றன. இக்காலத்துக் கடற்கரை இறால் சிலவும் அவ்வாறே செய்கின்றன. ஆங்கிலத்தார் பலவற்றுக்கும் ஒரே சொல்லை வழங்க, நண்டுக்கு வளை, பாம்புக்குப் புற்று, கிளிக்குப் பொந்து எனத் தமிழ் பிரித்தே வைத்திருப்பது, மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இங்கே பேருதவி.

கல்லாகிய மரத்துண்டுகள் சிலவற்றில் கப்பற்புழு துளைத்த குழல்களும் காணப்படுகின்றன. பெயர்தான் புழு; உண்மையில் அது சிப்பியினம், உப்புநீர் வாழ்வது. ஆகவே அம்மரம் கரையிலிருந்து அடித்துவரப்பட்டு, கடல்நீரில் நெடுநாள் கிடந்த பின்னரே புதைந்தது என அறிகிறோம்.

குடைந்த பிராணி வளைக்குள்ளேயே கல்லாகிக் கிடப்பது அரிது. ஆதலால் செயல் தெரியும், செய்தவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. சிப்பியைப் பையிலிட்டு வந்து ஆராயலாம். வளையை அது நிற்கும் இடத்திலேயே அளந்து, படமெடுத்தாக வேண்டும். அரியலூர்ப் பகுதியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களின் சுவர்களே படிவுகளைத் திறந்து காட்டுகின்றன. அடுத்த வெட்டில் அச்சுவரும் ஆலைக்குப் போய்விடுகிறது.