உருகிவிடும் சாட்சி: ஆலங்கட்டி மழைச் சேதமும் அதன் கணக்கும்

வெள்ளம் வடிந்தாலும் அது ஏறிய மட்டம் சுவரில் கறையாக நிற்கும். புயலுக்குக் காற்றுமானி சாட்சி சொல்லும். ஆலங்கட்டி மழை மட்டும் தன் தடயத்தைத் தானே அழித்துவிட்டுப் போகிறது. விழுந்த கட்டி சற்று நேரத்தில் உருகி மண்ணுக்குள் இறங்கிவிடும். சாதாரண மழைமானிக்கு அதுவும் சில மில்லிமீட்டர் தண்ணீர்தான். ஆக, ஆலங்கட்டி மழையைப் பற்றி நம்மிடம் இருக்கும் பதிவுகளில் பெரும்பாலானவை அது உடைத்தவற்றைப் பற்றியவை; உடைந்ததை யார், எப்போது போய்ப் பார்த்தார் என்பதைப் பொறுத்தவை. வானத்தின் வரலாறாக அவற்றைப் படிப்பது பிழை. இந்தப் பிழை ஏட்டோடு நிற்காமல் பயிர் இழந்தவரின் இழப்பீடு வரை வந்து சேர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1888 ஏப்ரல் 30 அன்று வட இந்தியாவின் மொராதாபாத் பகுதியில் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தனர். ஆலங்கட்டி மழையால் நேர்ந்த உயிரிழப்புகளில் மிக அதிகமானது இதுவே என்று உலக வானிலை அமைப்பு 2017-இல் அறிவித்தது. இறந்தவர்களுக்கு இப்படித் துல்லியமான எண் இருக்கிறது. கட்டிகளின் அளவுக்கோ வாத்து முட்டை, ஆரஞ்சு, கிரிக்கெட் பந்து என்ற ஒப்புமைகளே கிடைக்கின்றன. பிணத்தை எண்ண நேரம் இருந்தது, கட்டியை அளக்க இல்லை. இன்றைக்கும் நாம் நெல்லிக்காய், எலுமிச்சை என்றுதானே சொல்கிறோம்? வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரல் 14 அன்று விழுந்த 1.02 கிலோ கட்டிதான் எடையில் உலகச் சாதனை. அது உருகுமுன் யாரோ ஒருவர் அதைத் தராசில் வைத்ததால் கிடைத்த சாதனை அது. அதைவிடப் பெரிய கட்டி பக்கத்து வயலில் உருகிப்போயிருக்கவும் கூடும்.

உடைந்ததிலிருந்து உடைத்ததை ஊகிப்பதில் எவ்வளவு தடுமாற்றம் நேரும் என்பதற்கு உத்தராகண்டின் ரூப்குண்ட் ஏரி உதாரணம். 5,000 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஏரிக்கரையில் கிடந்த நூற்றுக்கணக்கானோரின் எலும்புகளில், சில மண்டையோடுகளில் மேலிருந்து அடிபட்ட காயங்கள் இருந்தன. ஒரே ஆலங்கட்டி மழையில் எல்லோரும் இறந்தார்கள் என்ற விளக்கம் பரவியது. 2019-இல் வெளியான மரபணு ஆய்வு அதை ஆட்டங்காணச் செய்தது. ஆய்வுக்கு எடுத்த 38 பேர் மூன்று வெவ்வேறு கூட்டத்தினர். ஒரு கூட்டம் மத்தியதரைக் கடல் வழியினர். வேறொரு கூட்டத்துக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி. ஆலங்கட்டி சிலரைக் கொன்றிருக்கலாம். எல்லார் கணக்கையும் அதன் தலையில் எழுத முடியாது.

மகாராஷ்டிரத்தில் சிக்கல் நேர்மாறானது. ஆலங்கட்டி விழுந்ததை யாரும் மறுக்கவில்லை. எதை, எப்போது எண்ணுவது என்பதில்தான் வழக்கு. 2014 பிப்ரவரிக் கடைசி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை மராத்வாடாவிலும் சுற்றுப் பகுதிகளிலும் விட்டுவிட்டு ‘கார்பீட்’ அடித்தது. மராத்தியில் ஆலங்கட்டி அடிக்கு அதுதான் பெயர். கோதுமையும் கொண்டைக்கடலையும் அறுவடைக்கு நின்ற நேரம். மார்ச் 5 அன்று மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியாகி நடத்தை விதிகளும் வந்துவிட, நிவாரண அறிவிப்புக்கே தேர்தல் ஆணையத்தின் இசைவு தேவைப்பட்டது.

நம் ஊர் கிராம நிர்வாக அலுவலரைப் போன்றவர் அங்கே தலாட்டி. அவர் வயலுக்கு வந்து பஞ்சநாமா என்னும் சேதப் பதிவை எழுதினால்தான் சேதம் சேதமாகும். பாதிக்குப் பாதி பயிர் போனால்தான் நிவாரணம் என்றிருந்த வரம்பு 2015-இல் 33 விழுக்காடாகக் குறைந்தது நல்ல மாற்றம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆலங்கட்டிச் சேதத்தைத் தனித்தனி வயலாகப் பார்க்க இடமுண்டு. ஆலங்கட்டி குறுகிய பட்டையாகவே விழுகிறது, வரப்புக்கு இந்தப் பக்கம் நாசம், அந்தப் பக்கம் பச்சை என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இட அளவில் அவர்கள் செய்த திருத்தத்தைக் கால அளவில் செய்யவில்லை. 72 மணி நேரத்துக்குள் விவசாயி தகவல் தர வேண்டும். அதையொட்டிச் சேதத்தை மதிப்பிட வருபவர் காண்பது அன்றைய நிலையை.

அன்றைய நிலை பாதிக் கதைதான். அடிபட்ட மாதுளையின் தோல் வழியே பாக்டீரியாக் கருகல் நுழைகிறது. சோலாப்பூர்ப் பக்கம் அதைத் ‘தேல்யா’ என்பார்கள். எண்ணெய் பட்டதுபோன்ற புள்ளி சில நாள் கழித்தே தெரியும். நாசிக் திராட்சையில் இன்னும் தாமதம். குலையில் வெடித்த பழத்தை எவரும் பார்க்கலாம். தண்டில் பட்டை கிழிந்த காயம் அடுத்த பருவத்துக் காய்ப்பைக் குறைப்பதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

டாப்ளர் ரேடாரும் செயற்கைக்கோளும் இந்தச் சாட்சிக் குறையைத் தீர்த்துவிடும் என்பார்கள். பாதி உண்மை. இரட்டை முனைவாக்க ரேடார் மேகத்துக்குள் பனிக்கட்டியையும் மழைத்துளியையும் பிரித்தறியும். ஆனால் வெப்பமண்டலத்தில் உறைநிலை மட்டம் தரைக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் வழியில் சிறு கட்டிகள் உருகிவிடும். மேலே கண்டது அப்படியே கீழே வந்ததாகக் கொள்ள முடியாது. புவி வெப்பம் ஏற ஏற அந்த மட்டமும் உயரும். சிறு கட்டி குறையலாம், வலுத்த மேகங்களில் உருவாகும் பெரிய கட்டி தப்பி வரலாம். ஆலங்கட்டி நாள்களின் எண்ணிக்கை இறங்கினாலும் சேதம் ஏறக்கூடும். நாள்களை மட்டும் எண்ணும் அட்டவணை அப்போது ஆபத்து குறைந்துவிட்டதாகவே காட்டும்.

கருவிகளும் தீர்க்காத நிலையில், பழப்பயிர்களுக்கு இரண்டாம் பார்வையிடலை விதியாக்க வேண்டும் என்பது என் கருத்து. செலவு கூடும், ஏமாற்றுக்கும் இடம் தரும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அது தேவை; அதற்கு நாள் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். நாசிக்கில் அறுவடை முடிந்து ஏப்ரலில் கொடியைக் கவாத்து செய்வார்கள். அடிபட்ட கிளைகள் அப்போது வெட்டுண்டு தோட்டத்தைவிட்டே போய்விடும். அதற்குப் பிறகு வருபவருக்குத் தண்டிலுள்ள வடு மட்டுமே மிஞ்சும். அதையும் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.