பார்ன்ஸ்லியில் ஒரு தமிழ் இளைஞர்: விமல் யோகநாதன்

2024 ஓகஸ்டில் லீக் கிண்ணப் போட்டியில் விகன் அணிக்கு எதிராக, இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தின் முதலணிக்குக் களமிறங்கினார் விமல் யோகநாதன். 2006இல் வேல்ஸில் பிறந்தவர். பெற்றோர் இலங்கைத் தமிழர். மத்தியகள வீரர். பிரித்தானியாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் தமிழர் என ஊடகங்கள் எழுதின.

அப்போது வயது 18தான். ஆனால் பயணம் நீண்டது. அங்கே கழகங்கள் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே சிறுவர்களைப் பதிவு செய்கின்றன. பலர் இடையிலேயே கழிக்கப்படுவர். 16 வயதில் பயிற்சி ஒப்பந்தம், 17 நிறைந்த பிறகே தொழில்முறை ஒப்பந்தம். சிறுவயதில் லிவர்பூல் கழகத்தில் பயின்ற விமலுக்கும் முதலணிக் கதவு திறந்தது பார்ன்ஸ்லியில்தான்.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்லயில் பந்து உதைக்கும் பிள்ளைக்கு, தேயிலைச் சரிவில் சமதரை கிடைப்பதே பெரும்பாடு. 9 வயதில் அவனைத் தேடிவரத் தொழில்முறைக் கழகம் ஏது? திறமையைப் பற்றிப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பார்ன்ஸ்லியும் செல்வந்தர் ஊரல்ல. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த நகரம். 1887இல் உருவான கழகம், 1912இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. விமல் அறிமுகமானபோது அது மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது.