ஐந்தா, ஆறா? – சுட்டி பிறந்த கதை

அட்சர கணிதத்தைப் புதிதாகக் கற்கும் மாணவனிடம், ஓர் எண்ணின் வர்க்கத்தை அதே எண்ணின் கனத்தாற் பெருக்கினால் வருவது எத்தனையாம் வலு என்று வினவினால், பெரும்பாலும் அவன் தயங்காது ஆறாம் வலு என்பான். இரண்டும் மூன்றும் பெருக ஆறு அன்றோ! ஆசிரியர் சிவப்பு மையாற் பிழையெனக் கோடிட்டு, சுட்டிகளைக் கூட்டுக என எழுதி அப்பாற் செல்வார். ஆனால் அம்மாணவனது மயக்கம் அவனோடு பிறந்ததன்று. கணித அறிஞர் வழங்கிய பெயர்களுக்குள்ளேயே அது பல நூற்றாண்டுகள் குடியிருந்தது.

இரண்டு என்னும் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 4, கனம் 8. இவற்றின் பெருக்கம் 32. அஃது ஐந்து இரண்டுகளின் பெருக்கம். எனவே ஐந்தாம் வலு. நான்கின் கனமாகிய 64 தான் ஆறாம் வலுவாகும். பெருக்குதல் ஒரு செயல். வலுவுக்கு வலு எடுத்தல் வேறொரு செயல்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் டயோபாந்தஸ், ஐந்தாம் வலுவை வர்க்க கனம் என்றார். ஆறாவதைக் கன கனம் என்றார். அவர் பெயர்களிற் கூட்டல் முறை விளங்கும். இந்தியக் கணித நூலாரோ வர்க்கத்தின் கனம் எனக் கொண்டு, ஆறாம் வலுவுக்கே வர்க்கத்தையும் கனத்தையும் இணைத்துப் பெயரிட்டனர். ஆகவே ஐந்தாவதற்கு வர்க்க கன காத என ஒரு சொல்லைக் கூட்டவேண்டியதாயிற்று. காத என்னும் வடசொல்லுக்குப் பெருக்கம் என்பது பொருள். ஒரே பெயர் ஓரிடத்தில் ஐந்து, மற்றோரிடத்தில் ஆறு! மாணவன் இடறுவதில் வியப்பென்ன?

இம்மயக்கத்தைப் பெயரால் அன்றி இடத்தால் தீர்த்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதிற் பிறந்த அல்-சமவால் என்னும் மருத்துவர். பத்தொன்பது வயதில் அல்-பாஹிர் என்னும் கணித நூலை இயற்றியவர் இவர். ஒன்று என்னும் அலகை நடுவில் நிறுத்தி, ஒருபுறம் வலுக்களையும் மறுபுறம் அவற்றின் தலைகீழ்களையும் படிகள்போல் வரிசையாக வைத்தார். ஒரு காரணி அலகிலிருந்து எத்தனை படி தள்ளி நிற்கின்றதோ, அத்தனை படி மற்றைக் காரணியிலிருந்து நகர்ந்தால் பெருக்கம் கிடைக்கும். கனத்தை வர்க்கத்தின் தலைகீழாற் பெருக்கின், மூன்று படி ஏறி இரண்டு படி இறங்குகின்றோம்; எஞ்சுவது முதற்படி.

பல்லுறுப்பிகளின் குணகங்களையும் அவர் இந்திய இலக்கங்களைப்போல் நிரல் நிரலாக அமைத்தார். தெரியாக் கணியத்தை ய என்போமாயின், ய கூட்டல் 2 என்பதை ய கூட்டல் 3 என்பதாற் பெருக்க, 1, 5, 6 என்னும் குணகங்கள் வரும். பன்னிரண்டைப் பதின்மூன்றாற் பெருக்கினால் 156 வருவதைக் காண்க. வேறுபாடு ஒன்றுண்டு: எண்கணிதத்திற் பத்து ஒன்றுகள் சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஏறும், இங்கோ எத்தனை ய சேர்ந்தாலும் அவை ஒரு வர்க்கமாக மாறுவதில்லை.

ஐரோப்பாவிலும் பெயர்ச் சுமை தொடர்ந்தது. வேல்ஸ் நாட்டவரான றொபேட் றெக்கோட் 1557இல் வெளியிட்ட நூலில் எட்டாம் வலுவின் பெயர் ஸென்ஸிஸென்ஸிஸென்ஸிக்! வர்க்கத்தின் வர்க்கத்தின் வர்க்கம் என்பதே அதன் பொருள். அதற்கு முன்னரே, 1484இல், பிரான்சின் நிக்கொலா சூக்கே வலுவை எண்ணாற் குறித்து, பூச்சியத்தையும் மறை எண்களையும் சுட்டியாகக் கையாண்டிருந்தார். அவர் நூல் அச்சேறியதோ 1880இல்.

சுட்டி என்பதற்குரிய இலத்தீன் சொல்லை 1544இல் வழங்கியவர் யேர்மனியரான மிக்கேல் ஸ்டிபெல். 1533 ஒக்டோபர் 19இல் உலகம் முடியும் என்று கணித்துக் கூறி ஏமாந்தவரும் இவரே. அந்தக் கணக்குப் பிழைத்தது. பெருக்கல் வரிசையிற் பெருக்குவது சுட்டிகளிற் கூட்டுவதற்கு ஒக்கும் என்று அவர் காட்டிய கணக்கோ பிழைக்கவில்லை.

இன்று வழங்கும் வடிவில், எழுத்தின் தோளில் சிற்றெண்ணை ஏற்றி எழுதும் முறையை ரெனே டேக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவ கணித நூல் பரப்பியது. ஆயினும் வர்க்கத்தை மட்டும் அவர் பெரும்பாலும் ஓரெழுத்தை இருமுறை எழுதியே குறித்தார். அவருக்குப் பின்னும் நெடுங்காலம் அவ்வழக்கம் நிலவியது. இரண்டு எழுத்துக்களும் கண்முன்னே நின்றன. அவற்றை எண்ணிக் காட்ட ஒரு சுட்டி வேண்டப்படவில்லை.